சிங்க் ஜாலியில் ஓர் அட்டிகை

பெர்லினில் ஃப்ளைஷ்மன் வீட்டுக்கு 1925-ல் வாய்த்த மாப்பிள்ளையைப் பற்றி உறவுக்காரர்கள் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. பெண்ணின் அப்பாவுக்கு மரச்சாமான் தொழில். அம்மா பிறந்தது உல்ஸ்டைன் குடும்பத்தில். ஐரோப்பாவின் மிகப் பெரிய பதிப்பகங்களில் ஒன்று அவர்களுடையது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் பாட்ராப், நிலக்கரிச் சுரங்க ஊர். அவருடைய அப்பா வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பெண் யூதக் குடும்பம், பையன் கத்தோலிக்கர். வயது வேறு பதினொன்று கூடுதல். ஜாதகம் பார்க்கும் வழக்கம் அங்கே இருந்திருந்தால் ஜோசியர் முதல் கட்டத்திலேயே தட்சிணையைத் திருப்பிக் கொடுத்திருப்பார். பையன் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் அதற்கும் நேரான பதில் கிடையாது. கண்ணாடியில் படம் செய்கிறார். கண்ணாடி எங்கே வாங்குகிறார்? குப்பைமேட்டில்.

அது கேலிக்குச் சொன்னதல்ல. மாப்பிள்ளை ஜோசஃப் ஆல்பர்ஸ் 1920-ல் பௌஹாஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது வயது 32. பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகம் பார்த்தவர். முதலில் சுவர் ஓவியப் பட்டறைக்குப் போ என்றது நிர்வாகம். அப்பாவோடு அடிக்காத சுவரா? மாட்டேன், கண்ணாடிதான் வேண்டும் என்றார். கண்ணாடி வாங்கக் கையில் காசில்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு சுத்தியல், வைமர் நகரத்துக் குப்பைக் கிடங்குக்குப் போய் உடைந்த பாட்டில்களின் அடிப்பாகங்களையும் சில்லுகளையும் பொறுக்கி வந்தார். கம்பியிலும் ஈயத்திலும் அவற்றைக் கோத்து, வெளிச்சம் ஊடுருவும் படங்களாக்கிக் கண்காட்சியில் தொங்கவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்காததற்குச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று காத்திருந்தவரைக் கூப்பிட்டு, கண்ணாடிப் பட்டறையை நீயே நடத்து என்றார்கள்.

ஃப்ளைஷ்மன் வீட்டுப் பெண் ஆன்னி அங்கே வந்து சேர்ந்தது 1922-ல். முதல் முறை விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. அடுத்த முறைக்கு அவரைத் தயார் செய்தது, ஒட்டிய கன்னமும் நெற்றியில் விழும் முடியுமாக இருந்த இந்த வாத்தியார் மாணவர்தான். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விருந்தில் பள்ளியின் தலைவர் வால்டர் க்ரோப்பியஸ் தாத்தா வேஷம் கட்டிப் பரிசுகளை வழங்கினார். புதிதாக வந்த தனக்கு யார் தரப்போகிறார்கள் என்று ஒதுங்கி நின்ற ஆன்னியின் பெயரும் கூப்பிடப்பட்டது. பொட்டலத்தைப் பிரித்தால் ஜோட்டோ வரைந்த ஓவியத்தின் அச்சுப்பிரதி. அதில் ஜோசஃபின் பெயர். மேரியும் யோசேப்பும் குழந்தையோடு எகிப்துக்குத் தப்பி ஓடும் காட்சி அது. காதல் பரிசாக யாரும் இதைத் தேர்ந்தெடுக்கமாட்டார்கள். ஆனால் பதினோரே வருஷத்தில் இவர்களும் மூட்டை கட்ட வேண்டியிருந்ததை நினைத்தால், ஜோசியர் இல்லாத குறை தீர்ந்தது என்றே சொல்லலாம்.

ஆன்னிக்கும் கண்ணாடிப் பட்டறைமீதுதான் ஆசை. பெண்களுக்குத் தறிதான் என்று பள்ளிக்காரர்கள் நெசவுக்கு அனுப்பினார்கள். நூலா, அது சவசவத்த வேலையாயிற்றே என்று முகம் சுளித்தபடிதான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான நெசவுக் கலைஞராகத்தான் எழுந்தார்.

பயணம் போனால் நாமெல்லாம் எதையாவது வாங்கிவந்து ஷோகேஸில் வைப்போம். ஆன்னி வாங்கியதைப் பிரித்துப்போடுகிற ரகம். ஃப்ளாரன்ஸ் நகரத்தில் குரோஷாவில் பின்னிய ஒரு தொப்பி அவர் கண்ணில் பட்டது. செல்லோஃபேன் மாதிரி மினுங்கும் இழை. வாங்கினார், வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் இழையாக உருவினார். பெர்னாவ் ஊரில் கட்டிய ஒரு பயிற்சிப் பள்ளியின் அரங்கத்தில் எதிரொலி தாங்க முடியவில்லை. அதற்குச் சுவர்த்துணி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தொப்பி இழையில் மாதிரி நெய்து பார்த்தார். ஒரு பக்கம் ஒலியை விழுங்கும், மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். 1930-ல் அவருக்கு பௌஹாஸ் பட்டயம் கிடைத்தது அந்தத் துணிக்காக. தொப்பி என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை.

அக்கம்பக்கத்து உறவும் இவர்களுக்குச் சாதாரணமாக அமையவில்லை. பள்ளி டெஸ்ஸாவுக்கு மாறியபின் அங்கே கட்டிக்கொடுத்த ஆசிரியர் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓவியர்கள் காண்டின்ஸ்கியும் பால் க்ளேயும். 1929 டிசம்பரில் க்ளேக்கு 50 வயது. அவர் விண்ணுலகத்து ஆள், பரிசும் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்று ஆன்னியும் நெசவுப் பட்டறைப் பெண்கள் சிலரும் முடிவு செய்தார்கள். அதே ஊரில் யுங்கர்ஸ் விமானத் தொழிற்சாலை. ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பேசி, தேவதை உருவத்தில் ஒரு பெரிய பொட்டலம் கட்டி, பித்தளைச் சீவல்களால் அதற்குச் சுருட்டை முடி வைத்து, க்ளே வீட்டுக்கு மேலே பறந்துபோய் இறக்கினார்கள். உள்ளே நண்பர்கள் தந்த பரிசுகள். ஆல்பர்ஸ் தம்பதி என்றால் நேர்கோடு, சதுரம், கறார் என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தச் சுருட்டை முடியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் பௌஹாஸ் மூடப்பட்டது. வேலை போயிற்று, ஆன்னியின் பிறப்பு வேறு அபாயம். அப்போதுதான் அமெரிக்கக் கட்டடக்கலை நிபுணர் ஃபிலிப் ஜான்சனின் பரிந்துரையால் ஓர் அழைப்பு வந்தது. வட கரோலைனாவில் ப்ளாக் மவுண்டன் காலேஜ் என்று ஒன்று தொடங்கியிருக்கிறது, ஓவியம் சொல்லித்தர வர முடியுமா? வட கரோலைனா எந்தத் திசையில் இருக்கிறது என்றே இருவருக்கும் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை வராதே என்று ஜோசஃப் பதில் எழுதினார். பரவாயில்லை, வாருங்கள் என்றார்கள். வாத்தியாருக்கு மொழி தெரியாததை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத கல்லூரி எப்படிப்பட்டதாக இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நவம்பர் கடைசியில் நியூயார்க்கில் கப்பலிறங்கி, மலையேறிப் போய்ச் சேர்ந்தார்கள். முகப்பில் பிரம்மாண்டமான வெள்ளைத் தூண்கள். ஐரோப்பியக் கண்ணுக்குத் தூண் என்றால் பளிங்கு. கிட்டப் போய்ப் பார்த்தால் தூணில் அறிவிப்புக் காகிதங்களை டிராயிங் பின்னால் குத்தி வைத்திருக்கிறார்கள். பளிங்கில் எப்படிப் பின் இறங்கும்? எல்லாம் மரம். கிரேக்கக் கோயில் என்று பார்த்தது நோட்டீஸ் போர்டாக இருந்தது. ஆன்னி பின்னாளில் ரசித்துச் சொன்ன சம்பவம் இது. அந்த இடமும் கல்லூரிக்குச் சொந்தமில்லை, வாடகை. சம்பளம் என்று பார்த்தால் சோறு, படுக்க இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம்.

இன்றைக்குக் கலைஞர்கள் 'ரெசிடென்சி' கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா என்று ப்ளாக் மவுண்டனைச் சொல்லலாம். அங்கே படைக்கலாம், பாடலாம், ஆடலாம். சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கழுவ வேண்டும். வயலில் வேலை, விறகு, பால் கறவை, சமையல்கட்டு முறை எல்லாவற்றிலும் மாணவரோடு ஆசிரியரும் நிற்க வேண்டும். மேலே நிர்வாகக் குழு என்று கிடையாது, ஆசிரியர்களே முதலாளிகள். அதாவது எதற்கும் கூட்டம் போட்டுப் பேச வேண்டும், பேசிப் பேசிச் சண்டை வர வேண்டும். 1941-ல் ஈடன் ஏரிக்கரையில் சொந்த இடத்துக்கு மாறியபோது பெரிய வகுப்பறைக் கட்டடத்தை மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்தே எழுப்பினார்கள். முதலில் க்ரோப்பியஸும் மார்செல் ப்ராயரும் வரைந்து கொடுத்த அழகான திட்டம் கைக்கெட்டாத விலையில் இருந்ததால், லாரன்ஸ் கோஷர் எளிமையாக இன்னொன்று வரைந்தார்.

இங்கிலீஷ் வராத ஜோசஃப் எப்படிப் பாடம் நடத்தினார்? கையால். ஒரு தாளை மடித்துக் காட்டுவார், ஒரு இலையை இன்னோர் இலை மேல் வைத்துக் காட்டுவார். கோழிமுட்டை ஓடு, சருகு, கம்பித் துண்டு எதுவும் பாடப்பொருள்தான். தாளைக் கொடுத்து, துளியும் வீணாக்காமல் அதை நிமிர்ந்து நிற்க வை என்பார். என்னதான் சொல்லித்தரப் போகிறீர்கள் என்று வந்த அன்று கேட்டதற்கு, கண்களைத் திறக்க வைக்கப் போகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். மொழி வளர்ந்த பிறகு கண்டிப்பும் வளர்ந்தது. 1948-ல் ராபர்ட் ரவ்ஷன்பர்க் இவரிடம் படிக்கவே தேடி வந்தார். வாங்கிக் கட்டிக்கொண்டார். தன் வாழ்க்கையிலேயே முக்கியமான ஆசிரியர் ஆல்பர்ஸ்தான், தான் அவருக்கு மோசமான மாணவன் என்று பிறகு சொல்லிவந்தார். குப்பையில் கிடைத்ததையெல்லாம் படத்தில் ஒட்டிப் பேர் வாங்கிய ரவ்ஷன்பர்க்கைக் குப்பைமேட்டிலிருந்தே புறப்பட்ட குருவுக்குப் பிடிக்காமல் போனது விசித்திரம்தான்.

ரூத் அசாவா என்ற மாணவிக்கு வாய்த்தது கல்லூரியின் சலவை அறை. துணியில் குத்துவதற்கு அங்கே 'பி.எம்.சி.' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. அவர் துணியை விட்டுவிட்டுத் தாளில் குத்த ஆரம்பித்தார். குத்திக் குத்தி அலை அலையாக ஒரு கோலமே வந்துவிட்டது. அந்தத் தாள்கள் இன்று அவருடைய ஆரம்பகாலப் படைப்புகளாக மதிப்புப் பெற்றிருக்கின்றன. வகுப்பில் நடத்திய பாடம் சலவைக்கட்டில் பலித்ததற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? கோடைக்காலம் வந்தால் கூத்து இன்னும் கூடும். 1948-ல் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற வடிவமைப்பாளர் வந்து, ஜன்னல் திரைப் பட்டைகளை வைத்து மாபெரும் கூண்டுக் கூரை எழுப்பப் போவதாக அறிவித்தார். எல்லோரும் புல்வெளியில் கூடி நின்றார்கள். பட்டைகளைப் பூட்டினார்கள். கூரை எழுந்திருக்கவில்லை. படுத்த கூரை என்று பேர் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அதே கோடையில் ஃபுல்லர் ஒரு நாடகத்தில் பிரபு வேஷம் கட்டினார், அதில் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் குரங்காக ஆடினார். அந்த வருஷம் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு ஜோசஃப் ஆல்பர்ஸ் தலையில்.

விடுமுறை வந்தால் இருவரும் தெற்கே பார்த்துக் கிளம்பிவிடுவார்கள். 1935 முதல் 1967 வரை மெக்ஸிகோவுக்குப் பத்து தடவைக்கு மேல் போயிருக்கிறார்கள். முதல் தடவை சக ஆசிரியர் டெட் ட்ரையர் தம்பதியோடு காரில். வாரக்கணக்கில் சாலை, வழிநெடுகத் தூசி. ஆன்னிக்குக் கால்களில் நரம்புக் கோளாறு, நடையே சிரமம். பார்க்கக் கிளம்பியதெல்லாம் பிரமிடுப் படிக்கட்டு. தியோதிவாகான், மோன்தே அல்பான், மித்லா என்று ஒன்று விடாமல் பார்த்தார்கள். ஜோசஃப் கேமராவும் கையுமாகப் படிகளின் நிழலை எடுத்துத் தள்ளினார். அருவ ஓவியத்துக்கு வாக்களிக்கப்பட்ட பூமி இதுதான், இங்கே அது ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருக்கிறது என்கிற அர்த்தத்தில் காண்டின்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். அருவக் கலையின் முன்னோடி என்று பேர் வாங்கியவருக்கு இப்படி எழுதுவதற்குத் தைரியம் வேண்டும்.

கார் நின்றால் போதும், சிறுவர்கள் ஓடிவந்து ஜன்னலில் கையை நீட்டுவார்கள். உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு மண் பொம்மைகள், தலைகள். ஏர் ஓட்டும்போது கிடைத்தது என்பார்கள். எந்தச் சுற்றுலா ஊரிலும் கேட்கிற வசனம்தானே, போலியாக இருக்கும் என்று இவர்களும் முதலில் சந்தேகப்பட்டார்கள். தொல்லியல் தெரிந்தவர்களிடம் காட்டியபோது அசல், பல நூற்றாண்டுப் பழசு என்றார்கள். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்தன.

1937-ல் ஆன்னியின் அப்பா ஸீக்ஃப்ரீடும் அம்மா டோனியும் மகளைப் பார்க்கக் கப்பலேறி மெக்ஸிகோவுக்கே வந்துவிட்டார்கள். மாமனார் மாமியாரைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு பிரமிடுகளுக்குப் போவது எப்படியிருக்கும் என்பது, அவர்களோடு ஒரு தடவை திருப்பதி போய்வந்த மாப்பிள்ளைகளுக்குத் தெரியும். பெர்லினில் வேலைக்காரர்களோடு வாழ்ந்த டோனி அம்மாள் இங்கே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பயணக் குறிப்பு எழுதினார். மாப்பிள்ளை சம்பாதித்ததோ கல்லூரிக்காரர்கள் தந்த கைச்செலவுக் காசு. ஆனாலும் அந்தப் பயணத்தில் ஊரைச் சுற்றிக் காட்டியவர் அவர்தான். குப்பைமேட்டு மாப்பிள்ளை கடைசியில் வழிகாட்டி ஆகிவிட்டார். பெரியவர்கள் பெர்லினுக்குத் திரும்பினார்கள். 1939-ல் மறுபடி வெராக்ரூஸ் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அது உறவுக்காரர் வீட்டுக்கு வந்த வருகையாக இல்லை. பின்னால் விட்டுவந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப்போக வழியில்லை.

இதே பயணங்களில்தான் அட்டிகையும் பிறந்தது. மோன்தே அல்பானில் 1932-ல் அல்ஃபோன்ஸோ காஸோ என்ற தொல்லியலாளர் திறந்த ஏழாம் எண் கல்லறையிலிருந்து வந்த நகைகளை ஆன்னியும், அலெக்ஸ் ரீட் என்ற மாணவரும் பார்த்தார்கள். தங்கத்தோடு சாதாரணச் சிப்பி, முத்தோடு வெறும் கல். விலை உயர்ந்தது, மட்டமானது என்கிற கணக்கே அந்தப் பழைய தட்டான்களிடம் இல்லை. திரும்பி வந்து, நம் காலத்து மலிவுச் சாமானில் செய்தால் என்ன என்று இருவரும் ஐந்து பைசாக் கடைகளை அலசினார்கள். சாமான் கழுவும் சிங்க்கில் போடுகிற ஓட்டை ஜாலி பதக்கமானது. அதைத் தாங்கும் சங்கிலியில் பேப்பர் க்ளிப்புகள் தொங்கின. பந்துச் சங்கிலியில் கொண்டை ஊசிகள் வரிசையாக ஆடின. நட்டுக்குக் கீழே போடும் வாஷர்களை ரிப்பனில் நெய்தார்கள். 1946-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய நகைக் கண்காட்சியில் இவை இடம்பெற்றன. உல்ஸ்டைன் குடும்பத்துப் பேத்தி கழுத்தில் சிங்க் ஜாலி. டோனி அம்மாள் என்ன சொன்னார் என்று பதிவில்லை. மாப்பிள்ளைமேல் பழி போட வாய்ப்பும் இல்லை, செய்தது மகள்.

1949-ல் கல்லூரிச் சண்டை முற்றி, இருவரும் விலகினார்கள். அதே ஆண்டு அந்த அருங்காட்சியகம் ஆன்னிக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. ஒரு நெசவுக் கலைஞருக்கு அங்கே அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 1950-ல் ஜோசஃப் யேல் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறைத் தலைவரானார். வயது 62. பென்ஷன் கணக்குப் பார்க்கிற அந்த வயதில் 'சதுரத்துக்கு வணக்கம்' வரிசையைத் தொடங்கினார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொன்று. ஆயிரத்துக்கும் மேல் வரைந்தார். அட்டைப்பலகையின் சொரசொரப்பான பக்கம், ட்யூபிலிருந்து நேராகப் பெயின்ட், தடவக் கத்தி. பின்பக்கத்தில் எந்தக் கம்பெனி, எந்த நிறம் என்று பொடி எழுத்தில் குறிப்பு. நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே வருவார். காரணம் தத்துவம் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு அவர் தந்த விளக்கம்: கதவுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கு, வழிகிறதைப் பிடிக்கலாம், சட்டைக் கையும் அழுக்காகாது என்று அப்பா சொல்லிக்கொடுத்தார்.

அந்த ரெசிடென்சி வழியில் இப்போது இவர்கள் பெயரில் அமைந்த அறக்கட்டளை, கனெக்டிகட்டில் பெத்தனி ஊர்க் காட்டுக்குள்ளும், செனகலில் சிந்தியான் கிராமத்திலும் கலைஞர்களைத் தங்கவைக்கிறது. சிந்தியான் மையம் 2015-ல் திறந்தது. தோஷிகோ மோரி வடிவமைத்த அதன் வளைந்த கூரை மழைநீரைப் பிடித்துக் கிராமத்துக்குக் கொடுக்கிறது. ஈடன் ஏரிக்கரையில் படுத்துவிட்ட கூரையோடு ஒப்பிட்டால் இது எழுந்து நின்று சம்பாதிக்கும் கூரை.

ரெசிடென்சி என்றால் ஒருவர் கலைஞர், கூட வருபவர் துணை. யார் எது என்பது அழைப்புக் கடிதத்தில் எழுதியிருக்கும். 1963-ல் லாஸ் ஏஞ்சலிஸில் டாமரிண்ட் என்ற கல்லச்சுப் பட்டறை ஜோசஃபை அழைத்தது. ஆன்னி வெறும் மனைவியாகப் போனார். உபயோகமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த மனைவி என்று தன்னைப் பின்னாளில் தானே கிண்டல் செய்துகொண்டார். பட்டறையை நடத்திய ஜூன் வெய்ன் அவரைப் பார்த்து, நீங்களும் ஒன்று போட்டுப் பாருங்களேன் என்றார். பொழுதுபோகாமல் போட்டதுதான். மறு வருஷம் ஆன்னிக்கே தனி அழைப்பு வந்தது. நூல்கள் பின்னி முறுக்கிக்கொள்ளும் அச்சுப்பட வரிசை ஒன்று அதில் பிறந்தது. அதற்குப் பிறகு தறிமீதிருந்த மனசு மெல்ல விலகிவிட்டது. நாற்பது வருஷம் நெய்ததைக் கைவினை என்றார்கள், அதையே காகிதத்தில் போட்டதும் கலை என்கிறார்கள் என்று அவருக்கு ஒரு வருத்தம் கலந்த சிரிப்பு இருந்தது. நியாயமான சிரிப்புத்தான்.

1970-ல் யேலுக்குப் பக்கத்திலுள்ள ஆரஞ்ச் என்ற ஊருக்கு, அமெரிக்கப் புறநகரில் ஆயிரம் பார்க்கக்கூடிய சாதாரண வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். கட்டடக்கலைக்குப் பேர்போன பௌஹாஸ்காரர்களின் வீட்டைப் பார்க்க ஆசையாக வந்தவர்கள் வாசலில் திகைத்து நிற்பார்களாம். அடுத்த வருஷம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் ஜோசஃபின் படைப்புகளைத் திரட்டிக் காட்டியது. உயிரோடிருக்கும் கலைஞருக்கு அங்கே அப்படித் தனிக் கண்காட்சி கிடைத்தது அதுவே முதல் முறை. 1976-ல் ஜோசஃப் காலமானார். ஆன்னி 1994 வரை இருந்தார். சமையலில் அவருக்கு ஒருபோதும் நாட்டமில்லை. விருந்தாளி வந்தால் கென்டகி ஃப்ரைட் சிக்கன் கடையிலிருந்து கோழி வாங்கிவரச் செய்து, அட்டைப் பெட்டியை மறைத்துவிட்டு, கோடு பூ ஒன்றுமில்லாத வெள்ளை ரோசன்தால் பீங்கான் தட்டில் அடுக்கிப் பரிமாறுவார். எந்தக் கோழி என்பதிலும் கறார்தான்: எக்ஸ்ட்ரா கிரிஸ்பி.